எது யார் கையில்?

கேள்வி: வணக்கம்ங்க அண்ணா. பெருந்துறைக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வீட்டுக்காரர் மஞ்சளும் தென்னையும் பார்க்கிறார். 2013-ல் மாமனார் வாங்கிய சின்னக் கார் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு, தை நோம்பிக்குள் கொஞ்சம் பெரிய வண்டி எடுக்கலாம் என்று போன வாரம் கோயமுத்தூரில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். வண்டி விலை 10,28,000, எல்லாம் சேர்த்து ஆன்-ரோடு 13,29,020 என்று தாள் கொடுத்தார்கள். "பதினஞ்சாயிரம் குறைச்சாச்சுங்க மேடம், இதுக்கு மேல ஒரு ரூபா எங்க கையில இல்லீங்க" என்று விற்பனைப் பையன் சொன்னான். கடனுக்கு "மாசம் எவ்வளவு கட்ட முடியும்ங்க?" என்றும் கேட்டான். மண்டியில் வாய் ஓயாமல் விலை பேசுகிற என் வீட்டுக்காரர் அங்கே ஏசியில் காப்பி குடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஒரம்பரையில் ஒருவர் இதே வண்டியை ஈரோட்டில் நாற்பதாயிரம் குறைவாக எடுத்திருக்கிறார். எவ்வளவு வரைக்கும் பேசலாம்? அந்தப் பையனைப் பார்த்தாலும் பாவமாக இருக்கிறது. எங்களுக்குக் குறைத்தால் அவன் சம்பளத்தில் பிடிப்பார்களா? தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
ஓர் ஆசிரியை, பெருந்துறை

பதில்: வணக்கம் அம்மணி.

தாளை இரண்டு முறை படித்தேன். "ஒரு ரூபா எங்க கையில இல்லை" என்று அந்தப் பையன் சொன்னது பாதி உண்மை. மேலே பெரிய எழுத்தில் இருக்கிற 10,28,000-ல் அவன் கையில் அநேகமாக ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கிற தொகைகளில் நிறைய இருக்கிறது. நீங்கள் மேலே பார்த்துப் பேசியிருக்கிறீர்கள். பேச வேண்டியது கீழே.

நான் 1998-ல் அவிநாசி சாலையில் ஒரு ஷோரூமில் விற்பனைக்குச் சேர்ந்தேன். பிறகு மேலாளராகி, இருபது வருடத்துக்கு மேல் அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். சேர்ந்த இரண்டாவது வருடம், மொடக்குறிச்சிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் மகனோடு வந்தார். வியாழக்கிழமை தவறாமல் கருங்கல்பாளையம் சந்தைக்குப் போய் மாடு பிடிக்கிறவர். மகன் "இன்னும் பத்தாயிரம் குறைங்க, சரி அஞ்சாயிரமாவது குறைங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் முடியாது முடியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "கண்ணு, இதுல கவர்மெண்டு கையில இருக்கறது எது, கம்பெனி கையில இருக்கறது எது, உங்க மொதலாளி கையில இருக்கறது எது? அதை மட்டும் சொல்லிப்போடு. நான் உங்க மொதலாளி கைக்கு மட்டும் வெல பேசிக்கறேன்" என்றார்.

சந்தையில் துண்டுக்குள்ளே கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசிப் பழகியவர் அவர். யார் கையைப் பிடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் பேனாவை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறி போட்டுக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் வியாபாரம் முடிந்தது. அன்றிலிருந்து வண்டி வாங்க யோசனை கேட்கிற எல்லோருக்கும் அந்தக் கேள்வியைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் தாளுக்கும் அதே குறியைப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் அரசாங்கத்தின் கை. சாலை வரி 1,85,040. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாழ்நாள் வரியை மாற்றினார்கள். 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. உங்கள் வண்டி பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டதால் 18 சதவீதம் போட்டிருக்கிறார்கள். கணக்கு சரிதான். அடுத்து டி.சி.எஸ். 10,280. பத்து லட்சத்துக்கு மேல் போகும் வண்டிக்கு ஒரு சதவீதம் வருமான வரியாக முன்கூட்டியே பிடிப்பது இது. செலவு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். உங்கள் பான் எண்ணில் வரவாகிவிடும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

இந்த இரண்டிலும் பேரம் கிடையாது. ஆனால் யாரும் உங்களுக்குச் சொல்லாத ஒன்று இதில் இருக்கிறது. அதே தாளின் பின்பக்கத்தில் எல்லா மாடல்களின் விலையும் அச்சிட்டிருக்கிறார்கள். உங்கள் வண்டிக்கு ஒரு படி கீழே உள்ள வேரியன்ட் 9,91,000. இரண்டுக்கும் வித்தியாசம் 37,000 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் கீழே உள்ளதற்கு வரி 13 சதவீதம், அதாவது 1,28,830. வரியில் மட்டும் 56,210 ரூபாய் வித்தியாசம். டி.சி.எஸ்.ஸும் இல்லை. கூட்டிப் பார்த்தால் ஒரு லட்சத்துக்கு மேல் வருகிறது. அந்த ஒரு லட்சத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது மேற்கூரைக் கண்ணாடி, அலாய் சக்கரம், கொஞ்சம் பெரிய திரை. ஏர்பேக் இரண்டிலும் ஒரே மாதிரிதான் என்று அந்தத் தாளே சொல்கிறது. நம்மூர் சித்திரை வெயிலில் மேற்கூரைக் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு யார் போகிறார்கள்? பிள்ளைகள் ஆசைப்பட்டால் அது வேறு. ஆனால் ஷோரூமில் எத்தனை நாள் உட்கார்ந்து பேசினாலும் கிடைக்காத ஒரு லட்சம், ஒரு படி கீழே இறங்கினால் கிடைக்கிறது. வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். முடிவு எப்படியானாலும், கணக்கு தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.

அடுத்தது கம்பெனியின் கை. எக்ஸ்-ஷோரூம் விலையை, அதாவது சாலை வரியும் காப்பீடும் சேராத வண்டி விலையை, வைப்பது கம்பெனி. அதில் டீலருக்குக் கிடைப்பது சில சதவீதம்தான். வாடகை, கரண்டு, சம்பளம், ஸ்டாக்குக்கு வட்டி எல்லாம் அதிலிருந்துதான். அதனால்தான் அந்த எண்ணை எவ்வளவு குலுக்கினாலும் பெரிதாக ஒன்றும் உதிராது. ஆனால் கம்பெனி மாதா மாதம் சலுகைகளை அறிவிக்கும்: ரொக்கத் தள்ளுபடி, பழைய வண்டியைக் கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச் போனஸ், அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தனிச் சலுகை. உங்கள் தாளில் ரொக்கத் தள்ளுபடி 15,000 மட்டும் இருக்கிறது. நீங்கள் ஆசிரியை என்று சொன்னீர்களா? தாளில் அந்தச் சலுகையைப் போடவே இல்லை. "இந்த மாசத்து ஆஃபர் என்னென்ன, அதுல எங்களுக்குப் பொருந்தறது எதெதுங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேட்காமல் சொல்ல மாட்டார்கள் என்பதை என் அனுபவத்தில் சொல்கிறேன்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. நான்கு மீட்டருக்குள் நீளமும் 1200 சி.சி.க்குள் பெட்ரோல் எஞ்சினும் இருக்கிற உங்கள் வண்டியும் அதில் சேரும். "வரியே குறைஞ்சிருச்சு, இன்னும் என்னங்க குறைக்கறது?" என்று யாராவது சொன்னால், அது அரசாங்கம் குறைத்தது, ஷோரூம் குறைத்தது அல்ல என்று தன்மையாகச் சொல்லிவிட்டுத் தாளில் அடுத்த தொகைக்குப் போங்கள்.

இப்போது ஷோரூமின் கை. பேச வேண்டிய இடம் இதுதான், இதில் அவசரப்படாமல் உட்காருங்கள்.

இன்சூரன்ஸ் 52,800 என்று போட்டிருக்கிறார்கள். இதில் மூன்றாம் நபர் காப்பீட்டை, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகிற சேதத்துக்கானதை, ஒதுக்கிவிடுங்கள். புது வண்டிக்கு மூன்று வருடத்துக்கு அது கட்டாயம். கட்டணமும் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1000 முதல் 1500 சி.சி. வரை மூன்று வருடத்துக்கு 10,640 ரூபாய். மீதியெல்லாம் சொந்தச் சேதக் காப்பீடும் அதன்மேல் ஏற்றிய கூடுதல் அம்சங்களும். அங்கேதான் விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது, டீலருக்கும் அங்கேதான் வருமானம். அதே வண்டி, அதே காப்பீட்டுத் தொகை, அதே அம்சங்கள் என்று போட்டு இணையத்தில் மூன்று கம்பெனிகளில் விலை எடுங்கள். பத்து, பதினைந்து ஆயிரம் குறைவாக வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

"வெளியே போட்டா கேஷ்லெஸ் கிடைக்காதுங்க மேடம்" என்பார்கள். கேஷ்லெஸ், அதாவது கையிலிருந்து பணம் கட்டாமல் ரிப்பேர் செய்துகொள்கிற வசதி கிடைப்பது, அந்தக் காப்பீட்டுக் கம்பெனிக்கும் அந்த வொர்க்‌ஷாப்புக்கும் ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது; பாலிசியை யார் விற்றார்கள் என்பதைப் பொறுத்தது அல்ல. எந்தெந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் இருக்கிறது என்று அவர்களிடமே கேட்டு, அதில் ஒன்றை நேரடியாக எடுக்கலாம். காப்பீட்டை எங்கே எடுப்பது என்பது உங்கள் உரிமை. நான் சொல்வது: வெளி விலையைக் காட்டி, இவர்களையே அந்த அளவுக்கு இறக்கச் சொல்லுங்கள். இரண்டாயிரம் கூடக்குறைய இருந்தால் அவர்களிடமே எடுத்துக்கொள்ளலாம். கிளெய்ம் சமயத்தில் ஓட ஆள் இருக்கும். கூடுதல் அம்சங்களில் பம்பர் டு பம்பர், அதாவது உதிரிபாக விலையில் தேய்மானம் கழிக்காமல் கொடுப்பது, வேண்டும். எஞ்சின் பாதுகாப்பும் வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் கோவையில் லங்கா கார்னர் பாலத்தடியில் தண்ணீர் எப்படி நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீருக்குள் ஓட்டி எஞ்சின் போனால் சாதாரண பாலிசியில் பணம் வராது. சாவி தொலைந்தால், பெட்டி தொலைந்தால் என்று வருகிற மற்றவற்றை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பதிவுச் செலவு 6,500. காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய், கடன் இருந்தால் அதைப் பதிய 1,500, ஸ்மார்ட் கார்டு 200. ஆக 2,300. மாநிலத்தின் சில்லறைக் கட்டணங்கள் இருந்தால் அவற்றுக்கும் ரசீது வரும். ரசீது காட்டுகிற தொகையைக் கட்டுங்கள், மீதியை எடுக்கச் சொல்லுங்கள்.

ஹேண்ட்லிங் சார்ஜ் 8,500. இது வரியும் இல்லை, அரசுக் கட்டணமும் இல்லை. கம்பெனியிலிருந்து வண்டி ஷோரூமுக்கு வந்து சேர்கிற செலவு விலையிலேயே அடக்கம். நான் மேலாளராக இருந்த காலத்தில் இந்தச் சார்ஜை நானும் தாளில் போட்டிருக்கிறேன். கேட்டவர்களுக்கு எடுத்துவிட்டோம், கேட்காதவர்கள் கட்டிவிட்டுப் போனார்கள். அப்படிக் கட்டியவர்களில் பலர் கடன் வாங்கி முதல் வண்டி எடுத்தவர்கள். அது தவறு என்று இன்றைக்கு வருத்தப்பட்டுத்தான் இதை எழுதுகிறேன். "இந்தச் சார்ஜ் எதுக்குங்க?" என்று ஒரு முறை கேளுங்கள். அவ்வளவு போதும். அனேகமாக அதுவே கழன்றுவிடும்.

ஆக்சஸரீஸ் 24,900. சீட் கவர், மிதியடி, மட் ஃப்ளாப், மழைத் தடுப்பு, வண்டி உறை, துடைக்கிற துணி, வாசனை டப்பா. இதை ஒரு பொட்டலமாகக் கட்டி "கம்பல்சரி கிட்" என்பார்கள். கட்டாயம் எதுவும் கிடையாது. மிதியடியையும் மட் ஃப்ளாப்பையும் அவர்களே சும்மா போட்டுக் கொடுக்கட்டும். சீட் கவரை ஈரோட்டில் தைத்துக்கொள்ளலாம். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் அதை மறைக்காத கவராகப் பார்த்துத் தையுங்கள். ஒன்றில் மட்டும் கவனம். ஒயரை வெட்டி இணைக்கிற எந்தச் சாமானையும் வெளியே போடாதீர்கள். பிறகு மின்சாரத்தில் ஏதாவது கோளாறு வந்தால் வாரன்டியில் தகராறு வரும். பின்பக்கக் கேமரா மாதிரியானவை வேண்டுமென்றால் ஷோரூமிலேயே போடுங்கள்.

பெயின்ட் கோட்டிங் 9,600. வேண்டாம். எக்ஸ்டெண்டெட் வாரன்டி 17,800. பத்து வருடம் வைத்திருக்கிறவர்கள் நீங்கள் என்பதால் இதை எடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் இன்றைக்கே எடுக்க வேண்டியதில்லை. முதல் வாரன்டி முடிவதற்குள் பிறகும் எடுக்க வசதி இருக்கிறதா, அப்போது எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஃபாஸ்டேக் 600, அதை விடுங்கள்.

கூட்டிப் பாருங்கள். இன்சூரன்ஸில் ஏறக்குறைய பதினான்காயிரம், பதிவில் நாலாயிரம், ஹேண்ட்லிங் எட்டாயிரத்து ஐநூறு, சாமான்களில் பதினெட்டாயிரம், கோட்டிங்கில் ஒன்பதாயிரத்து அறுநூறு. வண்டி விலையில் கையே வைக்காமல் ஐம்பதாயிரத்துக்கு மேல் வந்துவிட்டது. ஒரம்பரைக்காரர் நாற்பதாயிரம் குறைவாக எடுத்ததும் பெரும்பாலும் இந்தத் தொகைகளில்தான் இருக்கும். அவருடைய தாளையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் எடுத்த மாதம் எது, வேரியன்ட் எது என்று பார்க்காமல் மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

இனி உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. அவர் மண்டிக்கு மஞ்சள் கொண்டுபோகும்போது விரலியையும் கிழங்கையும் ஒரே குவியலாகக் கொட்டி விலை கேட்பாரா? கேட்க மாட்டார். இரண்டுக்கும் தனி விலை. கலந்து கொட்டினால் மொத்தத்துக்கும் கிழங்கு விலைதான் வரும். ஷோரூமில் உங்களுக்கு நடந்தது அதுதான். புது வண்டி, பழைய வண்டி, கடன் மூன்றையும் ஒரே குவியலாக்கி, "மாசம் எவ்வளவு கட்ட முடியும்ங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன நிமிடத்திலிருந்து எதில் எவ்வளவு போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. புது வண்டியில் பத்தாயிரம் குறைத்துப் பழைய வண்டியில் முப்பதாயிரம் எடுத்துவிடலாம். மூன்றையும் மூன்று நாளில் பேசுங்கள்.

பழைய வண்டிக்கு 1,90,000 என்று தாளின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறது. முதலில் பெருந்துறையிலும் ஈரோட்டிலும் பழைய வண்டி வாங்கி விற்கிற இரண்டு பேரிடம் காட்டுங்கள். இணையத்தில் வாங்குகிறவர்களிடமும் ஒரு விலை கேளுங்கள். வெளியே கிடைக்கிற அதிகபட்ச விலையையும், ஷோரூம் விலையோடு எக்ஸ்சேஞ்ச் போனஸ் சேர்ந்ததையும் ஒப்பிட்டு, எது கூடவோ அதைச் செய்யுங்கள். யாருக்குக் கொடுத்தாலும் ஆர்.சி. பெயர் மாறுகிற வரை விடாதீர்கள். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மாமனாரை இந்த வயதில் கோர்ட்டுக்கு அலைய விடக்கூடாது.

கடனுக்கு உங்கள் சம்பளக் கணக்கு இருக்கிற வங்கியில் முதலில் கேளுங்கள். எட்டு லட்சத்தை ஐந்து வருடத்தில் கட்டுவதாக வைத்துக்கொண்டால், 9 சதவீதத்துக்கும் 9.75-க்கும் மாதத் தவணையில் வித்தியாசம் 290 ரூபாய்ச் சொச்சம்தான். ஐந்து வருடத்துக்குச் சேர்த்தால் பதினேழாயிரத்தைத் தாண்டுகிறது. வங்கி எழுத்தில் கொடுத்த வட்டியோடு ஷோரூமுக்குப் போனால் அவர்களும் இறங்கி வருவார்கள்.

வண்டி யார் பெயரில் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கணக்கில் முக்கியமான முடிச்சு அதுதான். பழைய வண்டி மாமனார் பெயரில் இருக்கிறது; ஐந்து வருடமாகக் கிளெய்ம் எதுவும் இல்லை என்றால், அவருக்கு 50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் இருக்கும். அந்தப் போனஸ் ஆளோடு போவது, வண்டியோடு போவதல்ல. பழைய வண்டியை விற்றதற்கு அத்தாட்சி காட்டிக் காப்பீட்டுக் கம்பெனியில் கடிதம் வாங்கினால், மூன்று வருடத்துக்குள் அவர் பெயரில் எடுக்கிற புது வண்டிக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் பாதி குறையும். உங்கள் கணக்கில் ஏறக்குறைய பன்னிரண்டாயிரம். அதனால் "மாமா பேர்லயே எடுத்துடலாமே" என்று வீட்டில் யாராவது சொல்லலாம்.

நான் வேண்டாம் என்பேன். ஆசிரியருக்கான சலுகை உங்கள் பெயரில் எடுத்தால்தான் கிடைக்கும். சில கம்பெனிகள் கணவர் பெயருக்கும் கொடுக்கும், மாமனார் பெயருக்குக் கிடைக்காது. சம்பளக் கணக்கு வட்டியும் உங்களுக்குத்தான். பத்து லட்சத்துக்கு மேல் போனால் பிடிக்கிற டி.சி.எஸ்.ஸை உங்களால் சுலபமாகக் கழித்துக்கொள்ள முடியும். விவசாய வருமானம் மட்டும் இருக்கிறவர் அதற்காகவே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, மாதா மாதம் உங்கள் சம்பளத்திலிருந்து தவணை போகிற வண்டி, அம்மணி. ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கட்டும். இருபது வருடமாக மேசைக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன், தவணை கட்டுகிற பெண்கள் எத்தனையோ பேர் பத்திரம் போடும்போது ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். மாமனார் அந்தக் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். மூன்று வருடத்துக்குள் அவர் பெயரில் வேறு வண்டி வந்தால் உதவும்.

அப்புறம் நாள். தை நோம்பிக்கு வண்டி வர வேண்டும் என்பது உங்களுக்கு நல்லதாகவே அமைந்திருக்கிறது. மார்கழியில் நம் பக்கம் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள். அதே சமயம் டிசம்பர் கடைசியில், அந்த வருடத் தயாரிப்பு ஸ்டாக்கைத் தள்ளிவிட வேண்டும் என்று ஷோரூமுக்கு நெருக்கடி. கூட்டம் இல்லாத நேரமும் நெருக்கடி நேரமும் ஒன்றாக வருவது வருடத்தில் இந்த இரண்டு வாரம்தான். ஆடியிலும் கூட்டம் இருக்காது, ஆனால் வருடக் கடைசி நெருக்கடி இருக்காது. ஆயுத பூஜைக்குப் போய்ப் பேரம் பேசுவது வீண்.

ஆகவே டிசம்பர் கடைசி வாரம் போய் விலை முடியுங்கள். "ஜனவரியில விலை ஏறுதுங்க" என்பார்கள். பெரும்பாலும் அது உண்மையும்கூட. பொதுவாக முன்பணம் கட்டிய நாள் விலை செல்லாது, பில் போட்ட நாள் விலைதான் செல்லும். பில்லை டிசம்பரிலேயே போடச் சொல்லிவிட்டு, பூஜை போட்டு வண்டியை வெளியே எடுப்பதைத் தை முதல் நாள் வைத்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு வண்டி வாசலுக்கு வருகிற நாள்தான் முக்கியம், பில் தேதி அல்ல. இதில் ஒரு குறை உண்டு. நாலைந்து வருடத்தில் விற்றால் வண்டிக்கு ஒரு வயது கூடுதலாகத் தெரியும். 2013 வண்டியை இன்னும் வைத்திருக்கிற வீட்டுக்கு அது ஒரு விஷயமே அல்ல. ஆனால் அதைச் சொல்லி இன்னும் கொஞ்சம் கேட்கலாம், கேளுங்கள்.

போவதற்கு முன் ஈரோட்டிலும் திருப்பூரிலும் அதே கம்பெனி டீலர்களிடம் தாள் வாங்கிக்கொள்ளுங்கள். மாநிலம் முழுவதும் ஒரே வரிதான். கோவையில் எடுத்தாலும் பெருந்துறை ஆர்.டி.ஓ. ஆபீசின் டி.என்.-56 எண்ணே வாங்கலாம். தொகை எல்லாம் எழுத்தில், மேலாளர் கையெழுத்தோடு இருக்கட்டும். வாயால் சொன்ன மிதியடி டெலிவரி நாளில் வராது. முன்பணம் கட்டும் முன் புக்கிங் படிவத்தில் ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று படித்துவிடுங்கள்.

முழுப் பணம் கட்டுவதற்கும் பதிவுக்கு அனுப்புவதற்கும் முன்னால், உங்களுக்கு ஒதுக்கிய வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். சேஸிஸ் எண் தாளோடு ஒத்துப்போகிறதா, தயாரித்த மாதம் எது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3225 என்றால் 2025-ன் 32-வது வாரம் செய்த டயர். வண்டி தயாரித்த மாதத்தோடு அது பொருந்த வேண்டும். திரும்பப் பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று கதவு விளிம்பைக் கைவிரலால் தடவிப் பாருங்கள்.

கடைசியாக அந்தப் பையன். உங்களுக்குக் குறைப்பதை அவன் சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள். ஆனால் அவனுக்குச் சம்பளம் குறைவு. மாதத்துக்கு இத்தனை வண்டி, அதில் இத்தனைக்கு இன்சூரன்ஸ், இத்தனைக்குக் கடன், இத்தனை ரூபாய்க்குச் சாமான் என்று கணக்கு வைத்துத்தான் ஊக்கத்தொகை வரும். அதனால்தான் அந்தப் பொட்டலத்தை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறான். அவன் மேல் கோபப்பட வேண்டாம், அவனைப் பார்த்துப் பாவப்பட்டு 24,900 கொடுக்கவும் வேண்டாம். "தம்பி, இந்த மாசம் உனக்கு எத்தனை வண்டி பாக்கி?" என்று கேளுங்கள். ஒன்றோ இரண்டோ பாக்கி என்றால், மேலாளரிடம் உங்களுக்காக அவனே பேசுவான். நானும் அப்படிப் பேசியிருக்கிறேன்.

வண்டி எடுத்த சில நாளில் கம்பெனியிலிருந்து போன் வரும், விற்பனையாளர் எப்படி நடந்துகொண்டார், பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்று. எட்டு நல்ல மதிப்பெண்தானே என்று ஆசிரியை கணக்கில் நினைத்துவிடாதீர்கள். அங்கே எட்டு வந்தால் பையனைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அவன் உங்களிடம் நேர்மையாக நடந்துகொண்டிருந்தால் பத்துக்குப் பத்து சொல்லுங்கள். ஒரம்பரையில் அடுத்து யாராவது வண்டி எடுத்தால் அவன் நம்பரையும் கொடுங்கள்.